கூட்டுறவுச் சங்க லாபத்தில் அலங்கார வளைவா, ஆர்.ஓ. மெஷினா? சங்கத்தின் சமூகப் பொறுப்பு எது?

வெண்ணாற்றங்கரை:
எங்கள் ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ரொம்ப காலம் நட்டத்தில் கிடந்தது. நகைக்கடன் வட்டியால் மெல்ல நிமிர்ந்து, பழைய நட்டமும் தீர்ந்து, இப்போது தணிக்கையில் லாபம் வந்திருக்கிறது. தொகை பெரிசில்லை. ஆனால் அதற்குள் டீக்கடையில் மூன்று கட்சி. ஒரு கூட்டம் ஊர் எல்லையில் சங்கத்தின் பெயர் போட்டு வளைவு கட்டணும் என்கிறது. இன்னொன்று கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுக்கணும் என்கிறது. இளவட்டங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆர்.ஓ. மெஷின் கேட்கிறார்கள்.

என் கேள்வி: கம்பெனிகளுக்கு லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்கு என்று சட்டமே இருக்கிறதே, கூட்டுறவுச் சங்கத்துக்கு அப்படி உண்டா? உண்டோ இல்லையோ, நியாயப்படி எதற்குக் கொடுக்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் சங்கத்தில் இப்போது தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு கிடையாது, அதன் இடத்தில் அரசு போட்ட தனி அலுவலர்தான்.

ஓய்வுக் கணக்கர்:
கூட்டுறவுத் துறையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த 2 சதவீதம் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான் பொருந்தும். நம் சங்கங்கள் 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் வருபவை. அந்த வம்பு நமக்கில்லை.

ஆனால் கூட்டுறவுக்கு இதெல்லாம் புதுசு என்று நினைக்க வேண்டாம். 1904-இல் முதல் கூட்டுறவுக் கடன் சட்டம் வந்தபோது கிராமச் சங்கத்தின் லாபம் யார் பைக்கும் போகவில்லை, முழுக்கக் காப்பு நிதிக்குத்தான். பொறுப்பும் வரம்பில்லாப் பொறுப்பு. ஒருவன் கட்டாவிட்டால் எல்லார் சொத்தும் பிணை. (திருவள்ளூர் பக்கம் திரூரில் அந்த ஆண்டே பதிவானதுதான் நாட்டின் முதல் சங்கம் என்று எங்கள் துறையில் சொல்வோம். கர்நாடகத்துக்காரர்கள் கணகினஹாளைச் சொல்வார்கள். அந்தப் பஞ்சாயத்து இங்கே வேண்டாம்.)

அடுத்து 1912 சட்டம், 34-ஆம் பிரிவு. நிகர லாபத்தில் கால் பங்கைக் காப்பு நிதிக்கு ஒதுக்கிய பிறகு, மீதியில் 10 சதவீதம் வரை தர்ம காரியத்துக்குக் கொடுக்கலாம், பதிவாளர் அனுமதியோடு. எது தர்ம காரியம் என்பதற்கு 1890-ஆம் ஆண்டு அறக்கொடைச் சட்டத்தின் விளக்கத்தையே எடுத்துக்கொண்டார்கள்: ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம், பொதுப்பயன். மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ மட்டுமே ஆன காரியம் இதில் சேராது என்று அதிலேயே இருக்கிறது. வெள்ளைக்காரன் நம் ஊர் கும்பாபிஷேகப் பிரச்சினையை அப்போதே பார்த்துவிட்டான் போல!

இன்றைய சட்டத்திலும் லாபப் பிரிவினைக்கு முறை உண்டு. காப்பு நிதி, கூட்டுறவுக் கல்வி நிதி, ஆராய்ச்சி வளர்ச்சி நிதி, பங்கு ஈவு எல்லாம் போக, பொது நன்மைக்கும் ஒதுக்கலாம். உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் பேரவையில் வைக்க வேண்டும். உங்கள் கட்சிகளில் சட்டத்துக்கு மிக அருகில் நிற்பது ஆர்.ஓ. மெஷின்தான். வளைவு பொதுப்பயனா என்பதை அதன் நிழலில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும்.

நடவுக்காரி:
ஐயா, சட்டம் சொன்னதுக்கு நன்றி. ஆனா கேள்வியே எனக்குத் தப்பாப் படுது.

எங்கப்பா குத்தகைக்குச் சாகுபடி பண்றவர். வாய்மொழிக் குத்தகை, எழுத்து ஒண்ணும் கிடையாது. கிராமக் கணக்கான அடங்கல்ல நிலத்துக்காரர் பேரு. அவர் சென்னையில இருக்கார், வருஷத்துக்கு ஒருதரம் நெல்லுக்கு வருவார். சங்கத்துல பயிர்க்கடன் யாருக்கு? சிட்டா, அடங்கல் இருக்கிறவருக்கு. அவர் அதை வாங்கி எங்க போட்டாரோ தெரியாது, எங்க வயல்ல போடலை. தவணை தவறாமக் கட்டினா வட்டியே இல்லாத கடன் அது. எங்கப்பாவுக்குக் கடன் தர்றது உரக்கடைக்காரர், அறுப்புல கழிச்சுக்குவார், அவர் சொல்ற விலைக்கு.

2021-ல கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபா தள்ளுபடி, 16.43 லட்சம் விவசாயிங்கன்னு பேப்பர்ல போட்டாங்க. எங்க வயல் மேல இருந்த கடனும் தள்ளுபடி ஆச்சு. எங்கப்பா கடன் தள்ளுபடி ஆகலை. அவருக்குத்தான் சங்கத்துல கடனே இல்லையே!

இந்தச் சங்கம் லாபத்துல வளைவு கட்டினா என்ன, மெஷின் வச்சா என்ன? யாரை உள்ளே விடுறீங்க, யாருக்குக் கடன் தர்றீங்க, அதுதான் பொறுப்பு. மிச்சம் காசைத் தர்மம் பண்றது அப்புறம்.

மொட்டைமாடி:
நடவுக்காரி சொன்னது சரி. ஆனா அதைச் சொல்லிட்டுத் தள்ளுபடியையும் நியாயப்படுத்தக் கூடாது.

எங்க மாமா ஒரு தடவைகூடத் தவணை தப்பினதில்லை. 2006, 2016, 2021, மூணு தள்ளுபடிக்கும் கட்டி முடிச்சுட்டு வெளியில நின்னார். பக்கத்து வயல்காரர் "எலெக்ஷன் வருது, பொறுங்க மச்சான்"னு சிரிப்பார். நாணயமா இருக்கிறவன் ஏமாளி ஆகுற இடத்துல என்ன சமூகப் பொறுப்பு?

நகைக்கடன் கூத்து தெரியும்ல? 5 பவுன் வரைக்கும் தள்ளுபடின்னதும் ஒரே குடும்பத்துல எத்தனை கடன், எத்தனை சங்கத்துல! கடைசியில 48 லட்சத்துக்கும் மேல கடனைச் சலிச்சுப் பார்த்து 35 லட்சத்துக்கும் மேல தகுதி இல்லைன்னாங்க. மகனே, இது ஏழைக்கு வந்த திட்டமா?

சங்கம் வங்கியா இருக்கணும், இல்ல அரசாங்கம் அள்ளி விடுற இடமா இருக்கணும். ரெண்டுமா இருந்தா ரெண்டும் உருப்படாது.

ஓய்வுக் கணக்கர்:
மொட்டைமாடி தம்பி, தள்ளுபடித் தொகையை அரசு சங்கத்துக்குத் தவணை தவணையாகத்தான் தருகிறது. அது வந்து சேரும் வரை சங்கம், தனக்குக் கடன் பணம் தந்த மத்திய கூட்டுறவு வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டும். இது வெளியே தெரியாத வலி. அந்த வகையில் உங்கள் கோபத்தில் பாதிக்கு நானும் கையெழுத்துப் போடுவேன்.

மற்றப் பாதிக்கு மாட்டேன். 1951-52-இல் ரிசர்வ் வங்கி நடத்திய கிராமக் கடன் ஆய்வில், விவசாயி வாங்கிய மொத்தக் கடனில் கூட்டுறவு கொடுத்தது சுமார் 3 சதவீதம். மீதியில் பெரும்பகுதி வட்டிக்காரர். அந்த அறிக்கையின் வாசகம் எங்களுக்குப் பயிற்சியில் மனப்பாடம்: "கூட்டுறவு தோற்றுவிட்டது, ஆனால் கூட்டுறவு வென்றே ஆக வேண்டும்." அதற்குப் பிறகுதான் அரசே பங்குதாரராக உள்ளே வந்தது. வந்தது போகவில்லை. கூட்டுறவுக் கடன் சங்கங்களைச் சீரமைக்க அமைத்த ஏ. வைத்தியநாதன் குழு 2005-இல் அரசின் கை குறைய வேண்டும், வைப்புத்தொகை போட்டவருக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்றெல்லாம் சொன்னது. சீரமைப்புக்கான பணம் வரும் வரை எல்லோரும் தலையாட்டினார்கள்.

நடவுக்காரிக்கு: உங்கள் அப்பாவுக்கு வழி உண்டு. 1969-லேயே குத்தகை உரிமைப் பதிவேட்டுக்குச் சட்டம் வந்தது. நிலத்துக்காரர் சம்மதியாததால் பெரும்பாலோர் பதிவதில்லை, தெரியும். அதனால் கூட்டுப் பொறுப்புக் குழு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பால்காரர் பேரன்:
நம்முளுது பால் சங்கமுங்க, கொங்குப் பக்கம். கடன் சங்கத்து அரசியல் எனக்குத் தெரியாதுங்க. ஆனா நடவுக்காரி அக்கா சொன்னது எங்க ஊர்ல கண்ணுக்கு முன்னால நடந்துச்சு.

எங்க சங்கத்துல வருஷா வருஷம் நோட்டுப் புத்தகம் குடுப்பாங்க, போட்டோ எடுப்பாங்க. அதே சங்கத்துல பால் அளக்கறப்ப ஒரு தெருக்காரங்க கடைசியிலதான் நிக்கோணும். யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டாங்க, அதுதான் பழக்கம். தவிர, பாலைச் சும்மா கண் மதிப்புல, பழைய லேக்டோமீட்டர்ல பார்த்துட்டு விலை போடுவாங்க. யாருக்கு வேண்டப்பட்டவங்களோ அவங்க பால் கெட்டியா இருக்குமுங்க!

அப்புறம் கொழுப்பும் இதர சத்தும் காட்டற மெஷின் வந்துச்சு. மாடு யாருதுன்னு மெஷினுக்குத் தெரியாதுங்களே. சீட்டு அச்சாகிக் கையில வருது. ஒரே ஒரு மாடு வச்சிருக்கற விதவைக்கும் பத்து மாடுக்காரருக்கும் ஒரே கணக்கு. அந்த அம்மாவுக்கு லிட்டருக்குக் கூடுதலா விழுந்த காசை எந்த நோட்டுப் புத்தகத்தாலயும் குடுத்திருக்க முடியாதுங்க. வரிசையும் தானா மாறுச்சு. தானான்னா, ரெண்டு சண்டைக்கு அப்புறம்.

மொட்டைமாடி:
அப்ப மெஷின் வாங்கினது சமூகப் பொறுப்பா? அது வியாபாரம்யா.

பால்காரர் பேரன்:
வியாபாரத்தைச் சுத்தமாப் பண்ணறது அந்தக் கணக்குல வராதுங்களா?

வலிகாமத்தாள்:
இந்த இழையைக் கன நேரமா வாசிச்சுக்கொண்டிருக்கிறன். யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பக்கத்துக் கதை கொஞ்சம் வேறை.

எங்களுக்குக் கூட்டுறவு எண்டால் முதல்ல சங்கக்கடை. சண்டைக் காலத்தில பாதை பூட்டிக் கிடக்கேக்க நிவாரண அரிசியும் மாவும் அதுக்குள்ளாலதான் வந்தது. நிவாரணக் காட் கொண்டு போய் வரிசையில நிண்டு வாங்குவம். ஷெல் விழுற நாளிலயும் மனேச்சர் கடையைத் திறந்தவர் எண்டு அம்மா சொல்லுவா. அதுக்கு ஒருத்தரும் "சமூகப் பொறுப்பு" எண்டு பேர் வைக்கேல்லை.

இன்னொண்டு, மூளாயில கூட்டுறவு வைத்தியசாலை ஒண்டு இருக்கு. 1930-களில சனம் பங்குக் காசு போட்டுத் தாங்களே தொடங்கினது. லாபம் மிஞ்சினாப் பிறகு செய்த தானம் இல்லை, வைத்தியம் எண்டதுதான் சங்கத்தின்ர தொழில். யாழ்ப்பாணத்தில வீரசிங்கம் மண்டபத்தைத் தெரியாத ஆளில்லை, ஆனால் அது ஒரு கூட்டுறவாளரின்ர பேரில எழும்பினது எண்டு இப்பத்தைப் பிள்ளையளுக்குத் தெரியாது.

நடவுக்காரி கேட்ட "ஆரை உள்ள விடுறியள்" எண்ட கேள்விக்கு எங்கட மறுமொழி பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம். முந்திக் கள்ளுத் தவறணையைக் குத்தகைக்கு எடுத்தவன்தான் முதலாளி, மரம் ஏறுறவன் கூலி. எழுபதுகளில அந்தக் குத்தகை முறை போய்ச் சீவல் தொழிலாளரே சங்கமாகிச்சினம். திக்கம் சாராய வடிசாலை அவையின்ர சங்கங்களின்ர சொத்து. ஊரில ஆரும் இருக்கக் கதிரை குடுக்காத ஆக்கள் தங்கட சங்கத்தில தலைவராக் கதிரையில இருந்திச்சினம். இப்ப அந்தச் சங்கங்களுக்கும் கடன் கஷ்டம், அதை மறைக்கேல்லை. ஆனால் வளைவு கட்டுறதோட இதை ஒப்பிடேலாது.

எல்லாம் நல்லது எண்டு சொல்லவும் மாட்டன். 1970-71இல சின்னச் சங்கங்கள் எல்லாத்தையும் சேர்த்துப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் எண்டு பெருப்பிச்சாங்கள். அதுக்குப் பிறகு அரசியல்வாதியின்ர கைக்குள்ள போனது கனக்க. சண்டை முடிஞ்சாப் பிறகு நுண்கடன் கொம்பனியள் வீட்டு வாசல்ல வந்து கிழமைக் கடன் குடுக்கேக்க, எங்கட சிக்கனக் கடனுதவு சங்கங்களில கனக்க நித்திரை. பெண்டுகள் ஒரு கொம்பனிக்குக் கட்ட இன்னொரு கொம்பனியிட்ட எடுத்து, தாலிக்கொடி வரைக்கும் போச்சுது. அந்த நேரம் சங்கம் குடுக்காத கடன்தான் அது செய்யத் தவறின பொறுப்பு எண்டு நான் நினைக்கிறன்.

வெண்ணாற்றங்கரை:
வலிகாமத்தாள் அக்கா, இந்தப் பதிலுக்காகவே இழை தொடங்கியிருக்கலாம். மூளாய் பற்றி இதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

உள்ளேயிருப்பவன்:
நான் ஒரு கடன் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். ஊர், மாவட்டம் கேட்காதீர்கள்.

எல்லோரும் சங்கம், சங்கம் என்கிறீர்கள். அந்தச் சங்கம் என்பது யார்? ஒரு செயலாளர், ஒரு எழுத்தர், ஒரு நகை மதிப்பீட்டாளர், ரேஷன் கடை விற்பனையாளர்கள். மேலிருந்து வருவது எல்லாம் இலக்குதான். வைப்புத்தொகை இலக்கு, நகைக்கடன் இலக்கு, உர இலக்கு. யூரியா கேட்டு வருபவரிடம் கூடவே இன்னொரு பாட்டிலையும் தள்ளச் சொல்கிறார்கள். அவர் என்னைத் திட்டுகிறார். திட்ட வேண்டியதுதான், ஆனால் அந்தப் பாட்டிலை அவர் எடுக்காவிட்டால் என் பெயரில் இருப்பு நிற்கும்.

ரேஷன் கடையும் எங்கள் தலையில்தான். கடை நடத்தும் செலவுக்கும் வருகிற கமிஷனுக்கும் உள்ள இடைவெளியை அரசு மானியமாகத் தருகிறது, எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். ஊருக்கு அரிசி போடுவது சமூகப் பொறுப்புதானே? அதை ஏற்கெனவே செய்கிறோம்.

நடவுக்காரி சொல்வது உண்மை. ஆனால் அடங்கல் இல்லாதவருக்குக் கடன் கொடுத்து அது வராமல் போனால், கூட்டுறவுச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு விசாரணை வரும், 87-ஆம் பிரிவில் தண்டத்தீர்வை, அதாவது நட்டத்தை ஊழியரிடம் வசூலிப்பது, என் சம்பளத்தில் விழும். நிலத்துக்காரருக்குக் கொடுத்து அவர் கட்டாவிட்டால் ஒன்றும் ஆகாது, ஆவணம் சரியாக இருக்கிறதே. பொறுப்பு என்பதை இப்படி எழுதி வைத்திருக்கும்போது எழுத்தர் எந்தப் பக்கம் சாய்வான் என்று நினைக்கிறீர்கள்?

2018-இல் வந்த நிர்வாகக் குழுக்களின் ஐந்து வருஷம் 2023-இல் முடிந்தது. அதிலிருந்து தனி அலுவலர். அவருக்கு எங்கள் சங்கம் ஒன்றா? வந்தால் கையெழுத்து, போனால் ஜீப் புழுதி. குழு இருந்தபோது கட்சிக்காரர்களின் தொல்லை. ஆனால் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்க ஒரு முகமாவது இருந்தது.

மொட்டைமாடி:
இதுவரைக்கும் வந்த பதிவுலயே இதுதான் உண்மை. நான் சொன்னதுல கொஞ்சம் வாபஸ். கொஞ்சம்தான்.

ஓய்வுக் கணக்கர்:
உள்ளேயிருப்பவன் எழுதியதைப் படித்து நெடுநேரம் பேசாமல் இருந்தேன். நான் வேலையில் இருந்த காலத்திலும் தண்டத்தீர்வை ஊழியர் பக்கம்தான் சுலபமாக விழும். அதனால்தான் ஆவணம் உள்ளவனுக்கே எல்லாம் போகிறது. மறுப்பதற்கில்லை.

இருந்தாலும் கூட்டுறவில் ஒரு நபருக்கு ஒரு ஓட்டு. நூறு ஏக்கர்காரருக்கும் ஒன்று, அரை ஏக்கர்காரருக்கும் ஒன்று. கம்பெனியில் இது கிடையாது. உலகக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995-இல் மான்செஸ்டரில் கொள்கைகளை ஏழாக எழுதியபோது, சமூக அக்கறையை ஏழாவதாக வைத்தது. முதல் கொள்கை எது தெரியுமா? தடையற்ற உறுப்பினர் சேர்க்கை. நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம், கொடி ஏற்றுகிறோம், ஏழாவதைப் பற்றிப் பேச்சுப் போட்டி வைக்கிறோம். முதலாவதைப் பற்றிப் பேசினால் மேடையில் இருப்பவர்களுக்கு வியர்க்கும்.

ஆகவே வெண்ணாற்றங்கரை, பேரவை கூடும்போது வளைவா மெஷினா என்று கை தூக்குவதற்கு முன்னால், உறுப்பினர் பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இறந்தவர் எத்தனை பேர், ஊரில் இல்லாதவர் எத்தனை பேர், எந்தத் தெருவிலிருந்து ஆளே இல்லை. கேட்டாலே பாதி ஊருக்கு விஷயம் புரியும்.

வெண்ணாற்றங்கரை:
கேட்டேன் ஐயா. பேரவையில் இல்லை, அலுவலகத்திலேயே. "தனி அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஆர்.டி.ஐ. மனு போடலாமா?

ஓய்வுக் கணக்கர்:
சங்கத்துக்குப் போட்டால் திருப்பி அனுப்புவார்கள். 2013-இல் கேரளத்தின் தலப்பலம் சங்க வழக்கில், அரசிடமிருந்து கணிசமான நிதி பெறாத கூட்டுறவுச் சங்கம் ஆர்.டி.ஐ.யின் கீழ் பொது அதிகார அமைப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு கதவு இருக்கிறது. பதிவாளர் அரசு அலுவலர். சங்கத்திடமிருந்து சட்டப்படி அவர் கேட்டுப் பெறக்கூடிய தகவலை நீங்கள் அவரிடம் கேட்கலாம். அதனால் மனுவைத் துணைப் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். தணிக்கை அறிக்கை நகலையும் சேர்த்துக் கேளுங்கள், அது அங்கேயே இருக்கும். உறுப்பினர்களின் ஆதார் எண், கடன் பாக்கி என்று தனிப்பட்ட விவரம் எதையும் கேட்காதீர்கள், அதைச் சாக்காக வைத்து முழு மனுவையும் தள்ளுவார்கள்.

உள்ளேயிருப்பவன்:
பட்டியல் கணினியில்தான் இருக்கிறது. அச்செடுக்க ஐந்து நிமிஷம். நான் இதைச் சொல்லவில்லை.

நடவுக்காரி:
கணக்கர் ஐயா, கூட்டுப் பொறுப்புக் குழு பத்தி எழுதுறேன்னீங்களே?

ஓய்வுக் கணக்கர்:
எழுதுகிறேன் அம்மா. நாலு பேரிலிருந்து பத்துப் பேர் வரை சேரலாம். ஒரே ஊர், ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள், ஒருவருக்கொருவர் ஜாமீன். குத்தகைக்காரர், வாரத்துக்குப் பயிர் செய்பவர், சொந்த நிலம் இல்லாதவர், இவர்களுக்காகவே நபார்டு என்ற தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி கொண்டுவந்த ஏற்பாடு. அடமானம் தேவையில்லை. அப்பா சாகுபடி செய்வதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. குழுவில் எல்லோரும் முதலில் சங்க உறுப்பினர் ஆக வேண்டும். உறுப்பினர் விண்ணப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.

நடவுக்காரி:
அப்பா, பெரியப்பா, எதிர்வீட்டு அண்ணன், மூணு பேர் தேறிட்டாங்க. நாலாவதுக்குச் சித்தப்பா இருக்கார். ஆனா வாய்க்கா தகராறுல அப்பாவும் அவரும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன்னு சொன்னதும் ரெண்டு பேரும் ஒரே மாதிரி சிரிக்கிறாங்க.

பால்காரர் பேரன்:
சித்திகிட்டப் பேசுங்க அக்கா. எங்கூர்ல எல்லாம் அப்படித்தானுங்க முடியும். முடிஞ்சா சித்தியவே உறுப்பினராப் போடுங்க.